குற்றமில்லை என்றால் போதுமா?

ஒரு படம் ஆபாசமா, இல்லையா என்பது போலீஸ்காரரும் நீதிபதியும் கேட்க வேண்டிய கேள்வி. ரஸிகன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆனால் நம் நாட்டு நவீன ஓவியத்தில் காமம் என்ற விஷயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், எழுபது வருஷங்களாக நாம் கோர்ட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறோம். ‘குற்றமில்லை’ என்று தீர்ப்பு வந்ததும் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். படம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

1954-ல் பம்பாய் ஜஹாங்கீர் ஆர்ட் காலரியில் அக்பர் பதம்ஸீ என்ற இளைஞர் தம் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். பாரிஸில் சில வருஷங்கள் இருந்துவிட்டு வந்தவர். ‘காதலர்கள்’ என்ற தலைப்பில் இரண்டு படங்கள் அதில் இருந்தன. ஓர் ஆண், ஒரு பெண்; இருவர் உடம்பிலும் துணி இல்லை; ஆணின் கை பெண்ணின் மார்பின் மேல் இருந்தது. போலீஸார் வந்து படங்களைக் கழற்றச் சொன்னார்கள். பதம்ஸீ மாட்டேன் என்றார். இந்தியத் தண்டனைச் சட்டம் 292-வது பிரிவின்படி வழக்கு நடந்து, கடைசியில் அவருக்குச் சாதகமாகத் தீர்ந்தது.

அத்துடன் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2023-ல் அதே பம்பாயில் சுங்க இலாகா ஏழு படங்களைப் பிடித்து வைத்தது. வெளிநாட்டு ஏலங்களில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்த படங்கள் அவை. நான்கு, எப்.என். ஸூஸாவின் சித்திரங்கள், மூன்று, அதே பதம்ஸீயின் நிர்வாணப் படங்கள். ஆபாசப் பொருள் என்று சொல்லி அவற்றைப் பறிமுதல் செய்ய உத்தரவு போட்டார்கள். ஸூஸா 2002-ல் காலமாகிவிட்டார். பதம்ஸீ 2020-ல் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தம் தொண்ணூற்றோராவது வயதில் கண்ணை மூடினார். 2024 அக்டோபரில் பம்பாய் ஹைகோர்ட், நிர்வாணம் எல்லாம் ஆபாசமாகிவிடாது என்று எடுத்துச் சொல்லி, அந்த உத்தரவை ரத்து செய்தது. இருபத்தாறு வயதில் ஒரு மனிதரைத் துரத்திய குற்றச்சாட்டு, அவர் இறந்து நாலு வருஷம் கழித்தும் அவர் படத்தைத் துரத்தியிருக்கிறது!

தீர்ப்பு நல்ல தீர்ப்பு. அதில் எனக்குச் சந்தோஷந்தான். ஆனால் இம்மாதிரி ஓவியர்களுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு வாதங்கள் எனக்குச் சம்மதமில்லை.

முதல் வாதம், கஜுராஹோவும் கோணார்க்கும். ‘நம் முன்னோர் கோயிலிலேயே செதுக்கவில்லையா?’ என்று கேட்கிறார்கள். செதுக்கினார்கள்; உண்மைதான். அதனால் இன்றைக்கு ஒருவர் எழுதிய படம் நல்ல படமாகிவிடுமா? பத்தாம் நூற்றாண்டுச் சிற்பியை இருபதாம் நூற்றாண்டு ஓவியனுக்கு ஜாமீன் நிற்கச் சொல்கிறோம். பரம்பரைப் பெருமையைக் காட்டி ஒருவனைக் கோர்ட்டிலிருந்து மீட்கலாம். அவன் தூரிகைக்கு அதனால் உயிர் வந்துவிடாது.

இரண்டாவது வாதம் இன்னும் மோசம். ‘இதில் காமமே இல்லை, இது தூய கலை’ என்பது. படத்துக்குக் ‘காதலர்கள்’ என்று பெயர் வைத்தவர் காமத்தை நினைக்காமலா வைத்தார்? பசியைப் பற்றி ஒரு நாவல் எழுதிவிட்டு, இதில் பசி என்ற பேச்சே கிடையாது என்று சத்தியம் செய்வது போல இருக்கிறது இது. ஓவியனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவன் சொல்ல வந்ததைப் பறித்துவிடுகிறோம். காமம் மனித வாழ்க்கையில் பாதி. அதைக் கலை தொடலாம், தொட வேண்டும். தொட்டது எப்படி என்பதுதான் கேள்வி.

என்னுடைய அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஓர் உடம்பு இருக்கிறது. அந்த உடம்புக்குள் ஓர் ஆள் இருக்கிறானா, இருக்கிறாளா? அவ்வளவுதான். கழுத்து முதல் கணுக்கால் வரை புடவை சுற்றிய பெண்ணைச் சோப்பு விளம்பரத்தில் காட்டுகிறார்கள். அங்கே ஆள் இல்லை, சரக்குதான் இருக்கிறது. சினிமாச் சுவரொட்டிகள் அநேகம் இப்படித்தான். இவற்றின் மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. நாமும் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போகிறோம். துணியின் நீளத்தை அளந்துகொண்டிருந்தால் விரசம் நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கோர்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் வெவ்வேறு இடத்துக்குப் போகிறார்கள். ஸூஸா கோவாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய கோட்டில் பிரமாதமான வேகம் உண்டு. ஆனால் அவருடைய நிர்வாணப் பெண்களில் பலர் எனக்கு ஆளாகத் தெரியவில்லை. பாதிரியாரோடும் பாவத்தோடும் அவர் போட்ட சண்டைக்கு அவர்கள் மைதானமாக இருக்கிறார்கள். சண்டை உண்மையானது, மைதானத்துக்குத்தான் முகம் இல்லை. பதம்ஸீ வேறு மாதிரி. அவர் வரைந்த உடம்புகள் மலையைப் போல, ஒரு கனத்தோடு, தனியாக இருக்கின்றன. அந்த உடம்பைத் தொடுவதற்கு முன் யோசிக்கத் தோன்றும். அதில் மரியாதை இருக்கிறது. கொஞ்சம் குளிர்ச்சியும் இருக்கிறது என்பேன்.

நான் சொல்லும் அளவுகோலுக்கு முழுக்க நிமிர்ந்து நிற்கிறவர் பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர். 1934-ல் பம்பாயில் பிறந்தவர். படித்துத் தேறியது கணக்குத் தணிக்கை. பரோடாவுக்கு வந்த பிறகும் வெகு காலம் கணக்கு எழுதியே பிழைத்தார். குஜராத்தியில் கதைகளும் எழுதியிருக்கிறார். 1970-களின் தொடக்கத்தில் அவர் எழுதிய படங்களில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரும் தையற்காரரும் நாவிதரும் வந்தார்கள். நம் தெருவில் இருப்பவர்கள்; யாரும் அதுவரை சித்திரத்துக்கு உரியவர்களாக நினைக்காதவர்கள்.

1981-ல் ‘எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படம் எழுதினார். அப்பனும் மகனும் கழுதையும் என்ற கதை நமக்கெல்லாம் பாட்டி சொன்ன கதை. கழுதைமேல் யார் ஏறினாலும் ஊர் ஏசும். அந்தக் கதை கீழே தெருவில் நடக்கிறது. மாடியில் ஒரு மனிதர் துணியில்லாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மனிதர் கக்கர்தான் என்று ரஸிகர்கள் புரிந்துகொண்டார்கள். ஆணை விரும்பும் ஆண் தாம் என்பதை அவர் ஊருக்குச் சொன்ன விதம் அது. கழுதையைச் சுமந்து அலுத்தவருடைய சிரிப்பு அந்தப் படத்தில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ‘காசியில் இருவர்’. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அதுவே என்னை வெகு நேரம் நிறுத்தியது. ஒரு புறம் நிர்வாணமாக இரண்டு ஆண்கள் தழுவி நிற்கிறார்கள். ஒருவர் தலை நரைத்தவர். எதையும் மறைக்கவில்லை, சட்டப்படி பார்த்தால் ஸூஸாவையும் பதம்ஸீயையும்விட அதிகமாகவே காட்டியிருக்கிறார். மறுபுறம் காசி: சாதுக்கள், பிச்சைக்காரர்கள், சிவலிங்கத்தை வணங்குகிறவர்கள், எல்லாம் சின்னச் சின்ன உருவங்களாக. அவர்களில் யாரும் இந்த இருவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் ஊரைப் பார்க்கவில்லை. பக்தி ஒரு பக்கம், காமம் ஒரு பக்கம் என்று பிரித்து, ஒன்றை வைத்து மற்றதைக் கேலி செய்வதுதான் சுலபம். கக்கர் அதைச் செய்யவில்லை. பாவம் தொலைக்க வந்த ஊரில், எதைப் பாவம் என்று உலகம் சொல்லிற்றோ அதையே இருவர் நிம்மதியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். கங்கை இரண்டுக்கும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று படம் சொல்வதாக எனக்குப் படுகிறது.

கக்கரின் காதலர்கள் பலர் நரைத்தவர்கள், தொந்தி விழுந்தவர்கள், வெட்கப்படுகிறவர்கள். காமம் அழகான இளைஞர்களின் சொத்து என்று சினிமா நம்மை நம்ப வைத்திருக்கிறது. கிழட்டு உடம்புக்கும் ஆசை உண்டு, அதற்கும் ஓர் அந்தரங்கம் உண்டு என்று எழுதியவர் அவர். பெண்களைப் பொறுத்தவரை இதையே அர்ப்பிதா சிங் செய்தார். அவருடைய நடுவயது நிர்வாணப் பெண்களை யாரும் விலைக்குக் கேட்க முடியாது, அவர்களோடு பேசத்தான் முடியும்.

கக்கருடைய விஷயத்தில் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். மற்றவர்களுக்குப் படம்தான் குற்றம். இவருக்கு வாழ்க்கையே குற்றம். 377-வது பிரிவு அவர் வாழ்நாள் முழுவதும் அமலில் இருந்தது. 2003-ல் அவர் காலமானார். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் இந்த உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018 செப்டம்பரில். அடுத்த வருஷம் லண்டன் ஏலத்தில் அந்தக் காசிப் படம் இருபத்தைந்து லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. சட்டமும் சந்தையும் மெதுவாக நடந்து, அவர் முப்பத்தாறு, முப்பத்தேழு வருஷங்களுக்கு முன் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தன.

கோர்ட்டை நான் குறைத்துப் பேசவில்லை. பாரத மாதாவை நிர்வாணமாக எழுதியதாக எம்.எப். ஹுஸேன் மீது வந்த வழக்குகளை 2008-ல் தில்லி ஹைகோர்ட்டில் தள்ளியவர் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல். அவரே சென்னை ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, 2016-ல் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் எழுத்தாளரை மறுபடியும் எழுதச் சொன்னார். ஆனால் ஹுஸேன் ஊர் திரும்பவில்லை. 2011-ல் லண்டனில் இறந்தார். தீர்ப்பு கதவைத் திறந்து விடும். உள்ளே வருகிறவரை வா என்று சொல்ல வேண்டியது நாம்தான்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் இதில் பங்கு உண்டு. கதையில் ஆணும் பெண்ணும் ஓர் அறைக்குள் போனதும் விளக்கை அணைத்துவிடுகிறோம். அல்லது வாசகர் நாக்கில் எச்சில் ஊற எழுதுகிறோம். இரண்டிலும் அறைக்குள் போன ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள். விளக்கை அணைக்காமல், ஆளையும் தொலைக்காமல் எழுதுவது எப்படி என்று பரோடாவில் ஒரு கணக்கர் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த முறை ஒரு படம் கோர்ட்டுக்குப் போனால், தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் நாம் படத்தைப் பார்த்துவிட வேண்டும்.