வயதுக் கட்டங்களும் ஒடிந்த எலும்பும்

எலும்பு முறிவு குறித்த மருத்துவ ஆய்வேடுகளையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். எலும்பியல் முதுகலை மாணவர்கள் பட்டத்துக்காக எழுதும் ஏடுகள் சிலவற்றைச் சமீபத்தில் படித்தேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதையாடல்: வயது, பால், காயம்பட்ட விதம், முறிவின் வகை, செய்த அறுவை, கடைசியில் மதிப்பெண். வயது பத்துப் பத்தாக நறுக்கி வைக்கப்பட்டிருக்கும். இளைஞன் வண்டியிலிருந்து விழுவான். கிழவி வீட்டுக்குள் வழுக்குவாள். பொய்யில்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து வாசிக்கும் எனக்குச் சில இடங்கள் இடறுகின்றன.

முதலில் அந்த வயது. சீட்டு எழுதுமிடத்தில் வயசு கேட்டால் நம்மூர்ப் பெண்கள் சொல்லும் பதில், ‘என்னத்த, ஒரு அறுவது இருக்கும்’. பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் இப்படிக் குவிவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர்களுக்குப் பழைய தலைவலி. அட்டவணையை 51–60 என்று வெட்டினால் அந்த அறுபதுகள் எல்லாம் நடுவயதில் சேரும். 60–69 என்று வெட்டினால் முதுமைக்குத் தாவும். எலும்பு அதே எலும்புதான். ‘எந்த வயதில் முறிவு அதிகம்’ என்ற முடிவின் ஒரு பகுதியைக் கோடு போட்ட கை தீர்மானிக்கிறது.

அடுத்தது விழுதல். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலக்காடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பேரன் பேத்தி எடுத்த பெண்களும் உண்டு. ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்தால் ஏட்டில் அது ‘நின்ற உயரத்திலிருந்து விழுதல்’. இயற்பியல்படி சரிதான். சரிவும் கூலியும் அந்தச் சொற்றொடரிலிருந்து ஆவியாகிவிடுகின்றன. ஜீப் கவிழ்ந்தால் ‘சாலை விபத்து’. எத்தனை பேரை அடைத்திருந்தார்கள் என்பதற்குக் கட்டமில்லை. முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், தமிழக எல்லைக்குள் நடக்கும் விபத்துகளுக்கானது. மலையோ ஒன்றுதான். எந்த வளைவில் உருண்டோம் என்பதும் மருத்துவக் கேள்வியாகிவிடுகிறது.

இனி, ஏட்டில் இல்லாதவர்கள். மாவுக்கட்டு போட்ட மூன்றாம் நாள் பிரித்துப் போட்டுவிட்டு நாட்டுக்கட்டுக்குப் போகிறவர்கள் ‘பின்தொடர இயலாதவர்கள்’ என்று கழிக்கப்படுகிறார்கள். மிச்சமிருப்பவர்களின் குணம்தான் சிகிச்சையின் குணமாக எழுதப்படுகிறது. மரபு என்றாலே கும்பிடுகிற கூட்டத்தில் நான் இல்லை. குழந்தையின் முழங்கை முறிவில் இறுகக் கட்டிய பத்தை ரத்த ஓட்டத்தை அடைத்தால் தசை செத்துக் கை சுருங்கிப்போகும். ஃபோக்மன் 1881இலேயே விவரித்தது அது. மாவுக்கட்டை இறுகப் போட்டாலும் அதே கதிதான். ஆனால் கட்டு வைத்தியரைக் கண்டாலே முகம் சுளிக்கும் எலும்பியலின் வம்சாவளியிலும் கட்டு வைத்தியர்கள் உண்டு. தொடை முறிவுக்கு இன்றும் போடும் தாமஸ் பத்தையை வடிவமைத்த ஹியூ ஓவன் தாமஸ், வேல்ஸ் நாட்டு எலும்பு கட்டும் குடும்பத்துப் பிள்ளை. போனவர்கள் ஏன் போனார்கள், என்ன ஆனார்கள் என்று கேட்காத ஆய்வு, தன் தோல்வியையே தரவிலிருந்து நீக்கிவிடுகிறது.

இந்தத் துறைக்கு 1741இல் பெயர் சூட்டிய நிகோலா ஆந்த்ரி, ‘நேரான’, ‘குழந்தை’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். கோணல் மரத்தை முளையில் கட்டி நிமிர்த்தும் அவருடைய படத்தை 1975இல் ஃபூக்கோ தன் சிறை பற்றிய நூலில் எடுத்தாண்டார். நம் சிற்றிதழ்களில் ‘உடல்’ ‘உடல்’ என்று எவ்வளவு எழுதினோம்! அந்த உடலுக்குள் எலும்பு இருந்த மாதிரி எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது மதிப்பெண். இடுப்பு மூட்டு அறுவைக்குப் பின் பயன்படுத்தும் ஹாரிஸ் அளவுகோல் 1969இல் அமெரிக்காவில் உருவானது. நூற்றில் 44 வலிக்கு. நடை, நொண்டல், கைத்தடிக்கு 33. பிறகு படியேற 4, செருப்பும் காலுறையும் மாட்ட 4, நாற்காலியில் உட்கார 5, பொது வாகனத்தில் ஏற 1. தொண்ணூறைத் தாண்டினால் ‘மிகச் சிறப்பு’. குத்துக்காலிட்டு உட்காருவதற்கு இதில் இடமே இல்லை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோரமாய் ஓடும் சரத்தில் காய்க்கும். காய் எடுப்பது என்றால் பகல் முழுக்கக் குனிவதும் குந்துவதும்தான். தோட்டத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்த எங்கள் பெரியம்மாவுக்கு வலி போய்விட்டது, கம்பில்லாமல் நடக்கிறார், பஸ் ஏறுகிறார். இந்த அளவுகோலில் போட்டுப் பார்த்தேன், தொண்ணூறுக்கு மேலே வருகிறது. ‘நல்லாத்தேன் இருக்கு, கீழ உக்காரத்தேன் முடியல, ஜீப்புக்காரன் இனிமே ஏத்த மாட்டான்’ என்கிறார்.

சம்மணமிடுவதையும் குந்துவதையும் தனியாகக் குறித்துவைக்கும் இந்திய ஆய்வுகள் இருக்கின்றன. குறிப்போடு சரி, மதிப்பெண்ணில் சேராது. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஏலக்காட்டுக் கால்கள் வந்து சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. காலுறைக்குக் கொடுத்த அந்த 4 மதிப்பெண்ணைக் குந்துவதற்கு மாற்றி எழுதிப் பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. பழைய கேஸ் சீட்டுகளை எடுத்து, ஆட்களைத் தேடிப் போய், அவர்களைத் தரையில் உட்காரச் சொல்லி, மறுபடி கூட்ட வேண்டியிருக்கும்.