தை மாசத்துப் பச்சை

கீழ்வேளூர் தாண்டி நாகப்பட்டினம் போற ரோட்டோரம், போன தை மாசம் ஒரு வயலைப் படம் எடுத்தேன். சம்பா அறுப்புக்கு நாலைந்து நாள்தான் பாக்கி. அப்போது ஆன்லைனில் ஒரு எடிட்டிங் கோர்ஸில் சேர்ந்திருந்தேன். அதில் சொன்னபடியே லைட்ரூமில் மஞ்சள் ஸ்லைடரைப் பச்சைப் பக்கம் தள்ளி, சாச்சுரேஷனை ஏற்றி, ஓரங்களை இருட்டாக்கி, ஒரு குழுவில் போட்டேன். "செம டோன் நண்பா", "வேற லெவல்" என்று வந்து குவிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டுப் பார்த்தார்.

"யாரு வயலுடா இது? யூரியாவ அள்ளிக் கொட்டிட்டானா?"

அறுப்பு நேரத்தில் வயல் பொன்னிறமாக இருக்கணும். அப்பவும் கரும்பச்சையா நின்னா தழைச்சத்து மிஞ்சிப்போச்சு, பயிர் சாயும், பூச்சி வரும் என்றுதான் விவசாயி நினைப்பார். நான் அழகு சேர்த்ததாக நினைத்தேன். அவர் கண்ணுக்கு அது நோய்.

கோர்ஸ் மோசம் என்று சொல்லமாட்டேன். ஹிஸ்டோகிராம், மாஸ்க், ஒயிட் பேலன்ஸ் எல்லாம் அங்கேதான் தெளிவாகப் புரிந்தது. புல், இலை இவற்றின் பச்சையில் பெரும்பகுதியை மென்பொருள் மஞ்சள் கணக்கில்தான் வைக்கும். அதனால் 'மஞ்சளைத் தள்ளு' என்கிற பாடம் புல்வெளிக்குச் சரி. ஆனால் முத்திய கதிரும் அதே மஞ்சளில்தானே இருக்கு? ஸ்லைடருக்குப் புல்லும் தெரியாது, நெல்லும் தெரியாது.

இதைவிட உறுத்தின பாடம் முகங்களைப் பற்றியது. 'தோல் பளிச்சென்று வர ஆரஞ்சின் லூமினன்ஸை ஏற்றுங்கள்.' மாநிறமும் கறுப்பும் அந்த ஆரஞ்சுக்குள்தான் வரும். நம்ம ஊர்க் கல்யாணப் பெண்ணின் படத்தில் அதை ஏற்றினால் வேறொருத்தி மணவறையில் உட்கார்ந்திருப்பாள். இது புது வியாதி இல்லை. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது, அவள் தோல் சரியாக வந்தால் பிரின்ட் சரி. அட்டை போய் ப்ரீசெட் வந்திருக்கு, அவ்வளவுதான்.

எடிட்டிங்கே பொய் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலவுப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப பிரின்ட் போட்டார், பிந்தைய பிரின்ட்களில் வானம் இன்னும் இருண்டது. எதை, எதுக்காக மாற்றினோம் என்று கேட்க ஒரு ஆள் வேணும், அதுதான் விஷயம்.

தமிழில் அப்படி ஆட்கள் இருந்தார்கள். 2007-இல் தொடங்கிய 'பிட்' என்கிற 'தமிழில் புகைப்படக்கலை' பதிவை அந்தக் கால வலைப்பதிவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காசில்லாமல் கிடைக்கும் கிம்ப்பை வைத்தே பாடம் நடத்தினார்கள். மாசம் ஒரு தலைப்பில் போட்டி வைத்து, படம் எங்கே சறுக்குது என்று எடுத்துச் சொல்வார்கள். இப்போதைய குழுக்களில் வேகம் இருக்கு, லைக் இருக்கு. குறை சொன்னால் மட்டும் 'பொறாமை' என்கிறார்கள். நானும் யோக்கியன் இல்லை, பார்க்காமலே எத்தனை பேருக்கு 'அருமை' போட்டிருக்கிறேன்!

அப்புறம் முதல்லேர்ந்து செய்தேன். கதிருக்கு மாஸ்க் போட்டு அதன் நிறத்தை அப்படியே விட்டேன். வரப்புப் புல்லில் மட்டும் கொஞ்சம் பச்சை. பெரியப்பா வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப நெல்லு மாதிரி இருக்கு. ஆனா இந்த மூலையில தண்ணி நிக்குது பாரு, வடியாம. அதப் போயி ஏண்டா இருட்டாக்குன?"