ஆன்கி: ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தோடு பிடித்துவைக்க ஒரு செயலி

வங்கித் தேர்வுக்கோ ஐஇஎல்டிஎஸ்ஸுக்கோ படிக்கிறவர்களின் கைப்பேசியில் ஆங்கிலச் சொல் கற்றுத்தரும் செயலி ஒன்றாவது இருக்கும். தினம் ஒரு சொல் அனுப்பும், நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும், சரியாகத் தொட்டால் நட்சத்திரம் தரும். ஆன்கி அந்த வகை இல்லை. நிறுவித் திறந்தால் வெறும் திரைதான். உள்ளே ஒரு சொல்கூட இருக்காது. பலர் அந்த இடத்திலேயே அதை நீக்கிவிடுகிறார்கள். நெடுநாளாகப் பயன்படுத்திவரும் எனக்கு, அந்த வெற்றிடம்தான் இதன் பெரிய பலமாகத் தெரிகிறது.

2006-இல் டேமியன் எல்ம்ஸ் என்பவர் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. ஆண்ட்ராய்டில் இதன் பெயர் ஆன்கிட்ராய்ட். தன்னார்வலர்கள் உருவாக்குவது, இலவசம், விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். வேலை எளியது. ஒரு கார்டின் முன்பக்கத்தில் கேள்வி, பின்பக்கத்தில் விடை. விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திருப்ப வேண்டும். கீழே அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நான்கு பொத்தான்கள். நீங்கள் தொடுவதைப் பொறுத்து அந்தக் கார்டு சில நிமிடங்களில் திரும்பி வரும், அல்லது நாளை, அடுத்த வாரம், சில மாதங்கள் கழித்து வரும். நினைவிலிருந்து நழுவப்போகும் நேரத்தைக் கணித்து, அதற்குச் சற்று முன்னால் காட்டுவதுதான் நோக்கம். இந்தக் கணக்குக்கு அடிப்படை, போலந்தைச் சேர்ந்த பியோத்ர் வோஸ்னியாக் 1987-இல் தன் சூப்பர்மெமோ மென்பொருளுக்காக எழுதிய எஸ்எம்-2 என்ற நிரல்முறை. 2023-இல் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய முறையும் ஆன்கியில் சேர்ந்தது. உங்கள் மறதியின் வரலாற்றைப் பார்த்து இடைவெளியைத் தீர்மானிப்பதால் திரும்பப் பார்க்கும் வேலை குறைகிறது. டெக்கின், அதாவது கார்டுத் தொகுப்பின், அமைப்புகளில் அதை இயக்கிவிடுவது நல்லது.

பொத்தான்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விடை நினைவுக்கு வராதபோது ஹார்டைத் தொடாதீர்கள். சிரமப்பட்டாவது நினைவுக்கு வந்துவிட்டது என்றுதான் செயலி அதைப் புரிந்துகொள்ளும். மறந்துபோனால் அகெய்ன் ஒன்றே வழி.

இனி, அந்தக் காலித் திரையில் எதைப் போடுவது? இந்தச் செயலி உதவுமா உதவாதா என்பது இதில்தான் இருக்கிறது.

நம் பள்ளிகளில் ஆங்கிலச் சொல் கற்பது என்றால் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று கோடு போட்ட நோட்டுதான். அதை அப்படியே ஆன்கிக்கு மாற்றுகிறவர்கள் ஏராளம். பொருள் நினைவில் நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் சொல் இடறும். 'காஸ்' என்ற வினையைப் பாருங்கள். நோட்டில் 'ஏற்படுத்து' என்று இருக்கும். தமிழில் மகிழ்ச்சியையும் ஏற்படுத்தலாம், சேதத்தையும் ஏற்படுத்தலாம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் டேமேஜ், டிலே, டெத், ப்ராப்ளம் என்று கெட்டவைதான் வரிசைகட்டும். அதைப் போட்டு மகிழ்ச்சியை எழுதினால் இலக்கணம் சரியாகவே இருக்கும். படிக்கிற ஆங்கிலேயருக்குத்தான் உறுத்தும். நாலைந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களை அடுத்தடுத்துப் படித்தால் இது தானாகப் புலப்படும். 'டிஸ்கஸ்' விஷயமும் இப்படித்தான். 'பற்றி' என்பதை நினைத்துக்கொண்டு அதன் பின்னால் 'அபவுட்' சேர்ப்பது நம்மிடையே பரவலான பிழை. விதியாகச் சொன்னால் மறந்துவிடும். 'வி டிஸ்கஸ்ட் த ப்ளான்' என்ற வாக்கியம் காதில் நின்றுவிட்டால் பிழை வராது.

அதனால் ஆன்கியை மட்டும் தனியாக மதிப்பிடுவதில் பொருளில்லை. அதோடு ஒரு நல்ல கற்போர் அகராதியும் வேண்டும். கற்போருக்காகவே அகராதி செய்யும் மரபுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இரண்டு சக ஆசிரியர்களோடு செய்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வந்தது. 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் அதை வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லர்னர்ஸ் அகராதிக்கு அதுவே முன்னோடி. 1978-இல் வந்த லாங்மேன், ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. ஒரு சொல்லின் பொருளைத் தேடப்போய் விளக்கத்தில் வேறு மூன்று தெரியாத சொற்களில் மாட்டிக்கொள்ளும் அவதி அதோடு தீர்ந்தது. 1987-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட், புத்தகங்களிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் கணினியில் திரட்டிய உண்மையான வாக்கியங்களை எடுத்துக்காட்டாக வைத்தது. விளக்கத்தையும் முழு வாக்கியமாகவே எழுதியது. தமிழில் இந்த வழியில் நடந்தது 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதைப் புரட்டியவர்களுக்கு எடுத்துக்காட்டு வாக்கியத்தின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ஆக்ஸ்ஃபோர்ட், லாங்மேன் இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் பெரும்பாலும் லாங்மேனைத்தான் திறக்கிறேன். காரணம், சொல்லோடு நிற்காமல் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்கும் ஒலிப்பதிவு வைத்திருக்கிறார்கள்.

கார்டு செய்யும் முறை இது. படிக்கும்போது 'ரிலக்டன்ட்' வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆன்கியில் 'க்ளோஸ்' என்ற கார்டு வகை இருக்கிறது. வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்துக் கோடிட்ட இடமாக்கும். நான் சந்தித்த வாக்கியத்தையே, நீளமாக இருந்தால் சுருக்கி, அதில் போடுவேன்: 'ஷி வாஸ் ______ டு ஸைன் த பேப்பர்ஸ்'. கோட்டுக்குப் பக்கத்தில் முதலெழுத்து மட்டும் குறிப்பாக. பின்பக்கத்தில் சொல், ஒரே வரியில் எளிய ஆங்கில விளக்கம், அகராதியிலிருந்து இன்னொரு வாக்கியம். தமிழ்ப் பொருள் தேவைப்பட்டால் கடைசியில் சிறிதாக. இப்படிச் செய்தால் 'தயக்கம்' என்ற பொருளோடு, அடுத்து 'டு' வந்து வினை வரும் என்ற அமைப்பும் சேர்ந்தே மனத்தில் பதிகிறது. உச்சரிப்புக்குக் கைப்பேசியில் உள்ள எந்திரக் குரலை இணைக்கலாம். தனிச் சொல்லை அது நன்றாகவே சொல்கிறது. வாக்கியத்தில் ஏற்ற இறக்கம் போதவில்லை.

ஒரு கார்டு செய்யச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குச் சோம்பல்பட்டு ஆயத்த டெக்குகளை இறக்குகிறவர்கள் உண்டு. ஜிஆர்ஈ சொற்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு அடுத்த மாதம் என்றால் வேறு வழியில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். யாரோ தொகுத்த பட்டியலில் இருக்கும் சொல்லை எங்கே, யார் வாயில் கேட்டோம் என்ற நினைவு நமக்கு இருக்காது. சொந்தக் கார்டில் அந்த நாவல், அந்தச் செய்தி, அந்த நேர்காணல் கூடவே வரும். சொல்லைத் தேடி, வாக்கியத்தைத் தேர்ந்து, தட்டச்சு செய்வதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

குறைகள் இருக்கின்றன. புதிய கார்டுகளின் தினசரி அளவு தொடக்கத்தில் 20 என்று வைக்கப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு அது மிக அதிகம். புதியவை 20 என்றால், சில வாரங்களில் திரும்பப் பார்க்க வேண்டியவை அதைப்போலப் பல மடங்காகிவிடும். நான்கு நாள் ஊருக்குப் போய்வந்து திறந்தால் மலைத்துப்போவீர்கள். ஐந்தாகக் குறைத்துக்கொள்ளுங்கள். எட்டு முறை மறந்த கார்டைச் செயலி 'லீச்' என்று குறிக்கும்போது, அதையே வீம்பாகத் தொடராமல் வேறு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள்.

இன்னொரு குறை நுட்பமானது. சில வாரங்களில் வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்களைப் பார்த்ததுமே விடை வந்துவிடும். அது சொல்லைக் கற்றதாகாது. கண் அந்தக் கார்டின் உருவத்தை அடையாளம் கண்டுகொள்கிறது, அவ்வளவே. ஆன்கியால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே சொல்லுக்கு இரண்டாவது கார்டு, முற்றிலும் வேறு வாக்கியத்தில், சில வாரம் கழித்துச் சேர்ப்பதுதான் எனக்குப் பயன்பட்ட வழி. பேச்சில் சொல் சட்டென்று வர இதுவும் போதாது. அதற்குப் பேசத்தான் வேண்டும்.

கிண்டிலில் ஆங்கிலம் படிக்கிறவர்கள் அதிலேயே இருக்கும் வொக்காபுலரி பில்டரைப் பார்க்கலாம். நீங்கள் பொருள் தேடிய ஒவ்வொரு சொல்லையும், அது வந்த வாக்கியத்தோடு தானாகவே சேமித்துவைக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் எதை எப்போது திரும்பக் காட்டுவது என்ற கணக்கு ஆன்கியில் இருப்பதுபோல் அதில் இல்லை. அங்கே சேர்த்து, தேவையானதை மட்டும் ஆன்கிக்கு மாற்றுவது நல்ல இணைப்பு.

ஐஃபோன்காரர்களுக்கு அதிகாரபூர்வச் செயலி ஆன்கிமொபைல். விலை 24.99 டாலர், ஒருமுறை கட்டினால் போதும். மாணவர்களுக்குச் சுமைதான், அவர்கள் உலாவியில் ஆன்கிவெப்பை இலவசமாகத் திறந்து படிக்கலாம். செயலிக் கடைகளில் இதே பெயரின் சாயலில் வேறு செயலிகளும் உலவுகின்றன. சந்தாக் கேட்டால் அது ஆன்கி அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே சிங்க் செய்ய ஆன்கிவெப் கணக்கு ஒன்று போதும். நெடுநாள் தொடாத கணக்கிலிருந்து கார்டுகள் நீக்கப்படலாம் என்பதால், அவ்வப்போது டெக்கை ஏற்றுமதி செய்து கோப்பாக வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.