விரிசலும் வெடிப்பும்

செட்டிநாட்டுக் கொத்தனார் விரிசல் என்று சொல்வதை யாழ்ப்பாணத்து மேசன் வெடிப்பு என்று சொல்லுவார். அவர் கரணையால் வைத்து அடைக்கும் சாந்தை இவர் சாந்தகப்பையால் அடைப்பார். ஆயினும் பழைய கல்வீடுகளின் சுவர் இரு கரையிலும் சுண்ணாம்பாலேயே பூசப்பட்டிருந்தமையால், அதில் விழுந்த பிளவை மூடவும் முன்னோர் சுண்ணாம்பையே நாடினார்கள் என்பது, கடையில் பையாக வாங்கிய பட்டி மாவை நீரில் குழைத்து ஒரே பொழுதில் காரியத்தை முடித்துக்கொள்ளும் நமக்கு மறந்துபோன விஷயமாகிவிட்டது.

கானாடுகாத்தான் வீடுகளின் சுவரை ஒரு முறை தடவிப் பார்த்தவர்கள் அதன் வழுவழுப்பை மறக்கமாட்டார்கள். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டுப் பதப்படுத்தி, அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெண்கருவையும் சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. அப்பக்கத்து வீடொன்றில் கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்த இடத்தை ஒரு முதிய கொத்தனார் செப்பனிட்டதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவர் அடைப்பதற்கு முன் அதைப் பெரிதாக்கினார். உறுதியான பூச்சு எதிர்ப்படும்வரை உளியால் ஓரங்களைத் தட்டி, உதிரியை நீக்கி, தூசியைத் துடைத்து, நீர் தெளித்துச் சுவரைக் குடிக்கவிட்டு, குடித்தது போதுமென்று கண்டபிறகே சாந்தை அழுத்தினார். அதையும் ஒரே தடவையில் நிரப்பாமல், முதல் அடுக்கு இறுகிய பின்னரே அடுத்ததை வைத்தார். "தாகத்தோட கெடக்குற செவுரு சாந்துத் தண்ணியை உறிஞ்சிப்புடும்யா, அப்பறம் பொருக்காக் கழண்டு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே ஈரச்சாக்கு ஒன்றை அதன்மேல் தொங்கவிட்டார்.

யாழ்ப்பாணத்தின் நிலை வேறு. அந்தக் குடாநாடே சுண்ணக்கற்பாறையின்மேல் அமைந்தது. கிணறு தோண்டினால் கல் புறப்படும். நெடுந்தீவிலோ வேலிகூட முருகைக்கல் என்னும் பவளப் பாறையால் அடுக்கியது. சுவருக்குக் கல்லாக நின்றதும், சூளையில் வெந்து அக்கல்லைப் பிணைத்ததும், பின்னாளில் வெடிப்பை நிரப்பியதும் ஒரே வஸ்துவாக இருந்தமையால், செட்டிநாட்டைப்போல் மெருகில் சிரத்தை கொள்ளாமல், பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ வெள்ளையடிக்கும்போது மயிரிழை வெடிப்புகளை அந்தச் சுண்ணாம்புப் பாலாலேயே மூடிவிடும் எளிய சம்பிரதாயம் அங்கே போதுமானதாயிற்று. இதைக் குறைவாக நான் கருதவில்லை. செட்டிநாட்டுப் பூச்சு செல்வத்தின் அழகு என்றால், இது அன்றாட வாழ்வின் அழகு.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவைப் பற்றி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. மழைநீரில் சிறிது கரைந்து, நுண்ணிய பிளவில் திரும்பப் படிந்து, தன்னைத் தானே ஓரளவு ஆற்றிக்கொள்ளும் சுபாவமும் அதற்கு உண்டு. சீமெந்துக்கு இந்த இளக்கம் இல்லை. பழைய சுவர் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது சீமெந்து இணங்காமல் விறைத்து நிற்கும். சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியேறவும் விடாது. 1950இல் தோன்றிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அதே சுண்ணக்கல்லையே சீமெந்தாக்கிக் கொடுத்தது. தமிழகத்திலும் சீமெந்தைத் தொடர்ந்து வெள்ளைச் சிமெண்டுப் பட்டி வீடுதோறும் நுழைந்தது. பவளப் பாறையை எடுத்துச் சுடுவதை இரு நாட்டுச் சட்டங்களும் தடுத்தது நியாயமே. ஆனால் நிலத்துச் சுண்ணக்கல்லும் கிளிஞ்சலும் இருக்க, சுண்ணாம்புச் சாந்தையே கைவிட்டது அவசியமற்ற இழப்பென்பது என் அபிப்பிராயம்.

இலங்கையில் அடைக்க வேண்டியிருந்தவை காலத்தால் நேர்ந்த வெடிப்புகள் மட்டுமல்ல. யுத்தத்தில் சன்னங்கள் துளைத்த சுவர்களுக்குத் திரும்பி வந்தவர்கள், மழைக்கு முன் கூரையும் கதவும் போடவேண்டிய அவசரத்தில், கைக்குக் கிடைத்த சீமெந்தைத் துளைகளில் அப்பினார்கள்; அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அத்தகைய பழைய வீடொன்றின் வெளிச்சுவரில் நரைத்த வட்டங்களாகத் தெரிந்த அடைப்புகளுள் ஒன்றை நான் விரலால் தொட்டபோது, அது மூடிபோல் முழுதாகக் கழன்று கைக்கு வந்தது. பின்புறத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சு ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது, சுவரில் துளை முன்னிலும் பெரிதாகத் திறந்திருந்தது.