மீனும் ஆமையும் டார்வினும்

துடியலூரில் அண்மையில் ஒரு மாலை. விழாப் பந்தலில் புராணச் சொற்பொழிவு. பேசியவர் படித்தவர், பட்டம் பெற்றவர். "டார்வின் 1859-இல் கண்டதை நம் முன்னோர் தசாவதாரத்தில் அன்றே கூறிவிட்டனர். முதலில் மீன், பின்னர் ஆமை, பன்றி, நரசிங்கம், குள்ளன், முழு மனிதன்!" என்று முழங்கினார். எழுந்த கையொலியில் குருடிமலையே அதிர்ந்திருக்கும். பந்தலில் பள்ளிப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.

அன்பர் கூறியது அவருடைய சொந்தச் சரக்கன்று. பிளாவட்ஸ்கி அம்மையார் 1877-இல் வெளியிட்ட நூலிலேயே இந்த ஒப்பீடு உண்டு. டார்வின் நூல் வெளிவந்து 18 ஆண்டுகள் கழித்து எழுந்த விளக்கத்தை, டார்வினுக்கு முந்திய ஞானம் என்று விற்கிறார்கள். நல்ல வாணிகம்!

சரி, ஒப்பிட்டே பார்ப்போம். மனிதனின் முன்னோர் வரிசையில் சிங்கம் எப்போது நின்றது? நிற்கவேண்டிய குரங்கினம் எங்கே போயிற்று? தேடிப் பார்த்தால், ஏழாவது அவதாரத்தின் காலடியில் கைகட்டி ஏவல் கேட்டுக்கொண்டிருக்கிறது! (இன்றைய குரங்கு நம் பாட்டன் அல்ல, நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான முன்னோர் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தனர்.) அவதாரம் என்றால் மேலிருந்து இறங்குதல். ஒரே கடவுள், பகைவனைக் கொல்ல, வேடம் மாற்றி வருகிறார். பரிணாமத்தில் எவரும் இறங்கி வருவதில்லை. தலைமுறைதோறும் தோன்றும் சிறுசிறு வேறுபாடுகளில் சூழலுக்கு இசைந்தவை நிலைக்கின்றன, அவ்வளவே. அதற்கு வேண்டியது வரம் அன்று, காலம்.

எலும்புகள் கூறும் கதையோ வேறு. எத்தியோப்பியாவில் ஹடார் என்னுமிடத்தில் 1974-இல் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. லூசி என்று பெயரிட்டனர். வயது 32 இலட்சம் ஆண்டு. மூளை நம் மூளையில் மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் இடுப்பெலும்பும் முழங்காலும் அவள் நிமிர்ந்து நடந்தவள் என்கின்றன. தான்சானியாவின் லேடோலியில், எரிமலைச் சாம்பலில் பதிந்த 36 இலட்சம் ஆண்டுக்கு முந்திய காலடித் தடங்களும் அதற்குச் சான்று. முதலில் கால் நிமிர்ந்தது. நடக்கும் வேலையினின்று விடுபட்ட கை, கல்லைப் பிடித்தது. மூளை பெருத்தது மிகப் பிந்தி.

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள்! முகத்தில் பிறந்தவன் உயர்ந்தவன், காலில் பிறந்தவன் தாழ்ந்தவன் என்று எழுதி வைத்து, எத்தனை நூற்றாண்டு நம்மைத் தெருவில் ஒதுக்கினார்கள்! மனிதனை மனிதனாக்கத் தொடங்கியதே கால்தான் என்கின்றன அந்த எலும்புகள். தலை, கடைசியில் வந்த விருந்தாளி. சொற்பொழிவாளர் இந்தப் பக்கத்தைப் புரட்டவேயில்லை. புரட்டினால் பந்தல் நிலைக்குமா?

நம்மவரையும் ஒரு சொல் கேட்கவேண்டும். கடல்கொண்ட குமரிக் கண்டத்தில்தான் முதல் மனிதன் தோன்றினான் என்று நம் மேடைகளிலும் பேசியிருக்கிறோம். லெமூரியா என்பது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருந்தமைக்குக் காரணம் தேடி ஸ்கிளேட்டர் என்பார் 1864-இல் செய்த ஊகம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெளிந்தபின் அந்த ஊகத்துக்கு வேலையில்லை. மனிதனின் தொட்டில் ஆப்பிரிக்கா. அவர்கள் மீனைக் காட்டினால் பகுத்தறிவு பேசுவதும், நாம் மூழ்கிய நாட்டைக் காட்டினால் கைதட்டுவதும் நேர்மையாகுமா?

தமிழ்மண் வெறுங்கையோடும் இல்லை. பல்லாவரத்தில் 1863-இல் புரூஸ் ஃபுட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் கொசஸ்தலையாற்றுப் பகுதியில், பூண்டிக்கருகே அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அங்கு அகழ்ந்த சாந்தி பப்புவும் குழுவினரும் கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்று 2011-இல் அறிவித்தனர். நம் இனம் உலகில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முந்தியவை அவை! செய்தவரின் எலும்பு அங்கே கிடைக்கவில்லை. அவர்கள் தமிழரும் அல்லர், ஆரியரும் அல்லர். இருபுறமும் செதுக்கி, கைக்கு அடங்கும்படி கூராக்கிய அந்தக் கல்லை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் நேரில் காணவேண்டும். பூண்டியில் அதற்கென அருங்காட்சியகமே இருக்கிறது.