ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே கடிவாளமா?

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, ஹற்றன், தலவாக்கலை வழியாக நுவரெலியா வரும் மின்சாரக் கார் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம் ஏறுகிறது. ஒன்றரைத் தொன் எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஏழரை அலகு மின்சாரம் செலவாகும். ஜப்பானில் ஓடி இலங்கைக்கு வந்த பழைய நிசான் லீஃப் கார்கள் பலவற்றின் பற்றரி, புதிதாக இருந்தபோதே 24 அலகுதான் கொள்ளும். ஆகவே வழியில் விரைவு சார்ஜ் ஏற்றுவது இங்கே சொகுசு அல்ல, பயணத்தின் தேவை.

பற்றரி மிகச் சூடாகவோ குளிராகவோ இருந்தால், அந்தச் சார்ஜ் வேகத்தைத்தான் கார் தானாகவே குறைக்கிறது. காரணம் வலுவானது. சூடேறிய பற்றரிக்குள் மின்சாரத்தைத் திணித்தால் உள்ளே வேதிச்சிதைவு விரைகிறது. குளிர்ந்த பற்றரியிலோ லிதியம் கிராபைட்டுக்குள் புக முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. இழந்த கொள்ளளவு திரும்புவதில்லை. தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி விழுகின்ற ஜனவரி விடியலில் நுவரெலியாவில் சார்ஜ் மெதுவாக ஏறினால், அது காரின் பழுதல்ல, காப்பு. பற்றரி மாற்றும் செலவை நினைத்தால் இந்தக் காப்பை வரவேற்கத்தான் வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. முதல் இரு தலைமுறை லீஃப் கார்களின் பற்றரியைக் குளிர்விக்கத் திரவக் குழாய் அமைப்பு கிடையாது. 40 அலகு லீஃப் 2018இல் ஐரோப்பாவுக்கு வந்தபோது, நெடும்பயணத்தில் இரண்டாம் முறை விரைவு சார்ஜ் செய்தவர்கள் வேகம் பாதிக்கும் கீழே விழுவதைக் கண்டு கொதித்தார்கள். பற்றரியைக் காக்கவே அப்படி என்றது நிறுவனம். பிறகு மென்பொருளைத் திருத்தியது. விரைவு சார்ஜ் மிகுதியாகச் செய்த கார்களின் உச்ச சார்ஜ் வேகம் குறையும் என்பதை டெஸ்லா 2017இல் ஒப்புக்கொண்டதும் உரிமையாளர்கள் கேள்வி எழுப்பிய பிறகே. வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

மலைநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பற்றரி 80 சதவீதத்துக்கு மேல் நிறையும்போது சார்ஜ் வேகம் குறைவது நுவரெலியாவிலிருந்து இறங்குபவரைச் சற்றும் பாதிக்காது. பற்றரி நிறைந்திருந்தால், இறக்கத்தில் பிரேக் வழியே திரும்பிவரும் மின்சாரத்துக்கு இடமே இருக்காது. அவர் 80இல் நிறுத்துவதே நல்லது. அதே வழியிலுள்ள கினிகத்தேனையிலிருந்து மேல்நோக்கிப் புறப்படுபவருக்கோ அந்தக் கடைசி 20 சதவீதம் உயிர்நாடி. இருவருக்கும் கட்டுப்பாடு ஒன்றே. சேரவேண்டிய இடத்தின் உயரத்தை வழிகாட்டி வரைபடமே சொல்லும் இக்காலத்தில், அதைக் கணக்கில் எடுத்து எவ்வளவு ஏற்றினால் போதும் என்று ஓட்டுநருக்குக் காட்டுவது பெரிய காரியமல்ல.

மின்கட்டமைப்புக்காக வேகத்தைக் குறைப்பது தனிக் கணக்கு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் அது நியாயமே. ஆனால் 2025 ஏப்ரல் பண்டிகை விடுமுறையில், பகலில் மின்சாரம் மிஞ்சியதால் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வசந்தகாலக் கொண்டாட்டத்துக்காக நுவரெலியாவில் கார்கள் குவியும் மாதமும் அதுதான். அத்தகைய நண்பகலில் விருந்தினர் விடுதிகளின் சார்ஜர்கள் முழுவேகத்தில் ஓடட்டும். கட்டணமும் அப்போது குறையட்டும்.