முதலில் வேலையா, படிப்பா?

சென்னைப் பல்கலைக்கழகம் 1924இல் தன் முதல் நூலகராக நியமித்தவருக்கு நூலகப் பயிற்சி எதுவும் கிடையாது. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் அதுவரை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தார். வேலையில் சேர்ந்த பிறகுதான் லண்டன் போய் நூலகத் தொழிலைப் படித்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அது பயிற்சி வகுப்பு நடத்தியது. 1931இல் அந்த வகுப்பைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து தமிழ்நாட்டில் நூலகராகும் வழி பல்கலைக்கழகப் படிப்பு என்று ஆகிவிட்டது.

இன்றும் அதே வழிதான். ஏதாவது ஒரு பட்டம், அதன்மேல் ஓராண்டு இளநிலை நூலக அறிவியல், பிறகு முதுநிலை. கல்லூரி நூலகராக வேண்டுமென்றால் முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லையேல் முனைவர் பட்டம். மாவட்ட நூலக அலுவலர் போன்ற பணிகளுக்கு மாநில அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) தேர்வு. படித்து முடித்தவர் அறிவிப்புக்குக் காத்திருக்கிறார். படிக்கும்போது நடந்த பகுப்பாக்கச் செய்முறைத் தேர்வில் அவர் கையில் இருந்தது வினாத்தாள். அதில் நூல்களின் தலைப்புகள் மட்டும் இருக்கும். தலைப்பைப் பார்த்துப் பொருளுக்குரிய பகுப்பு எண் போட வேண்டும். ஒரு நூலைப் புரட்டி, முன்னுரை படித்து, இது வரலாறா வாழ்க்கை வரலாறா என்று தடுமாறி முடிவெடுக்கும் அனுபவம் வேலை கிடைத்த பிறகே வருகிறது.

இலங்கையில் பலருக்கு இந்த வரிசை மாறி அமைகிறது. அங்கே தொழிலுக்கான கதவைத் திறந்துவைத்தது நூலகர்களின் தொழில்சார் சங்கமே. 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. அது நடத்தும் டிப்ளோமா மூன்று நிலைகள் கொண்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் படிக்கலாம். பிரதேச சபை நூலகத்தில் வாரமெல்லாம் இரவல் கொடுத்து, பத்திரிகை அடுக்கி, மாணவர் கேட்கும் கடந்தகால வினாத்தாளைத் தேடிக் கொடுக்கும் ஒருவர், வார இறுதியில் வகுப்பில் உட்கார்ந்து பட்டியலாக்கம் படிக்கிறார். திங்கட்கிழமை அதைத் தன் அலுமாரியிலேயே செய்துபார்க்கிறார். பேராதனையிலும் களனியிலும் பல்கலைக்கழகப் படிப்புகள் உருவாயின. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து உருவான தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் ஆசிரியர் நூலகர்களுக்கும் பயிற்சி தருகிறது. ஆனாலும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு முதலில் எட்டுவது சங்கத்தின் டிப்ளோமாதான்.

எனக்கு இலங்கை வழியே பிடிக்கிறது. ரங்கநாதன் நூலகரானதும் அந்த வழியில்தான். ஆனால் இலங்கையில் ஒரு குறையும் உண்டு. அங்கே பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. மன்றத்தின் கையிருப்பைப் பொறுத்தே நூலகமும் இருக்கும். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது. மாவட்ட நூலக ஆணைக்குழுக்களும் கிளை நூலகங்களும் அந்தப் பணத்தில் நிற்கின்றன. நூலகருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் எந்த இளைஞரும் இத்துறையில் இறங்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு வெகுதூரம் முன்னே இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களிலோ இலங்கையில் உதவி நூலகர் கல்விசார் ஊழியர். விரிவுரையாளருக்கு நிகரான படிநிலையில் உயர்கிறார்.

இரு கரைகளுக்கும் பொதுவான ஒரு வேலை காத்துக்கிடக்கிறது: தமிழ் நூல்களைப் பதிவுசெய்து பாதுகாப்பது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஆலோசனை சொன்னவர் ரங்கநாதன். 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்புக்குப் பிறகு வந்த தலைமுறையில், நூலகர் என். செல்வராஜா ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை வெளியிட்டார். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் அச்சுப் பிரதிகளை மின்வடிவில் சேர்க்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இத்தகைய பணியைச் செய்கிறது.

இங்கெல்லாம் வேண்டியது தமிழ் நூலைத் தமிழ் நூலாக அறிந்து பதிவுசெய்யும் ஆள். புதுமைப்பித்தன் என்றும் சொ. விருத்தாசலம் என்றும் இரண்டு பதிவு விழுந்தால் வாசகருக்குப் பாதி நூல்தான் கிடைக்கும். தலைப்பெழுத்து, புனைபெயர், ஊர்ப்பெயர், ஆண்டு குறிக்காத பழைய பதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் முடிவு தேவை. பகுப்பு எண்ணிலும் சிக்கல் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற நீண்ட எண்ணுக்குள் அடைபட்டிருக்கிறது. ஆங்கில இலக்கியத்துக்கோ 820 என்று விசாலமான இடம். ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு முறை தமிழுக்கு 31 என்ற சிறிய எண்ணைத் தந்தது. இந்த வேறுபாட்டை வைத்து ஒரு அலுமாரியை இரண்டு விதமாகவும் அடுக்கிப்பார்த்த மாணவர் பாதித் தொழிலைக் கற்றுவிடுவார்.

தமிழ்நாட்டுப் படிப்பில் ஆறு மாதத்தைக் கிளை நூலகத்தில், ஊதியத்தோடு, கழிக்கவைக்க வேண்டும். நூலக வரியில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்கலாம். யாழ்ப்பாணத்து டிப்ளோமா மாணவருக்குச் சென்னையின் ஆய்வு நூலகங்களில் ஒரு மாதம் பழகக் கிடைத்தாலும் நல்லது. இதற்கான ஏற்பாட்டைச் சென்னை நூலகச் சங்கமும் இலங்கை நூலகச் சங்கமும் கடிதம் எழுதித் தொடங்கிவிடலாம்.